பழைய ஸ்லாஷருக்குப் பெயர்த் தகடு எங்கே?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மழைக்குப் பின் தென்னந்தோப்பில் இடுப்பளவு வளர்ந்து நிற்கும் புல்லையும் பார்த்தீனியத்தையும் வெட்ட ஆள் கிடைக்காத நிலையில், டிராக்டருக்குப் பின்னால் பூட்டி ஓட்டும் ரோட்டரி ஸ்லாஷரைப் பழையதாக வாங்குவோர் எங்கள் பகுதியில் பெருகி வருகின்றனர். புதிய கருவி வாங்கினால் வேளாண் இயந்திரமயமாக்கல் திட்டத்தில் சிறு, குறு, பெண் விவசாயிகளுக்கும் பட்டியல் இனத்தவர், பழங்குடியினருக்கும் 50 சதவீதம் வரையும் மற்றவர்களுக்கு 40 சதவீதம் வரையும் மானியம் உண்டு. முறை வரும்வரை புல் காத்திருக்காது என்பதால் பலர் பழைய கருவி விற்கும் இடங்களுக்குச் செல்கின்றனர். பழைய டிராக்டர் வாங்கினால் ஆர்.சி. புத்தகமும் இன்ஜின் எண்ணும் சேஸ் எண்ணும் கைக்கு வரும். பழைய ஸ்லாஷருக்கு உள்ள ஒரே அடையாளம், சட்டத்தில் ரிவெட் அடித்த உள்ளங்கை அகலத் தகடு மட்டுமே.

சென்ற ஆண்டு நான் வாங்கிய 5 அடி அகல ஸ்லாஷரில் அதுவும் இல்லை. தகடு இருந்த இடத்தில் இரண்டு ரிவெட் துளைகள் மட்டும் இருந்தன. புதிதாக அடித்த சிவப்புப் பெயின்ட் அவற்றையும் அடைத்திருந்தது. "தகடு போனால் என்ன, ஓடுகிறதா என்று பாருங்கள்" என்றார் விற்றவர். ஓட்டிப் பார்த்தேன், ஓடியது; பணத்தைக் கொடுத்துவிட்டு வந்தேன். மூன்றாவது வாரம் கியர் பெட்டி கையை வைக்க முடியாத அளவுக்குச் சூடேறிக் கடகடத்தது. திறந்தபோது, 90 எண் கியர் ஆயில் இருக்க வேண்டிய இடத்தில் கறுத்த கிரீஸ் கட்டி கட்டியாக அடைந்து கிடந்தது. ஆயில் சீல் தேய்ந்து ஒழுகுவதை மறைக்கச் செய்கிற வேலை இது. ஆயில் சுழன்று திரும்பவும் பற்களுக்கு வரும். கிரீஸோ பற்கள் ஒதுக்கித் தள்ளிய இடத்திலேயே ஒட்டிக்கொள்ளும், பேரிங் காய்ந்து போகும்.

உதிரி பாகம் தேடிப் போன கடைகளில் எல்லாம் முதல் கேள்வி, "எந்தக் கம்பெனி, எந்த மாடல்?" என்பதுதான். என்னிடம் பதில் இல்லை. கடைசியில் லேத் பட்டறைக்காரர் ஒருவர் பேரிங்கைத் துடைத்து அதன் விளிம்பில் இருந்த 30207 என்ற எண்ணைக் காட்டினார். கடைசி இரண்டு இலக்கங்களை 5 ஆல் பெருக்கினால் 35. அதுவே தண்டின் விட்டம், மில்லிமீட்டரில். பேரிங்கும் சீலும் அன்றே கிடைத்துவிட்டன. தேய்ந்த பற்சக்கரங்களுக்குத்தான், 22 பல்லும் 15 பல்லும் கொண்ட ஜோடியை எண்ணி எண்ணித் தேட வேண்டியிருந்தது. அதற்குள் புல் மறுபடியும் இடுப்பளவுக்கு வந்துவிட்டது.

முன்பே தெரிந்திருந்தால், விலை பேசும் முன் ஆயில் அடைப்பானைக் கழற்றி ஒரு கம்பியை உள்ளே விட்டுப் பார்த்திருப்பேன். கம்பியில் வருவது பால்போல் வெளுத்திருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது. வெள்ளிப்பொடிபோல் மினுங்கினால் பற்கள் தேய்கின்றன. கியர் பெட்டி அமரும் தளத்தைச் சுற்றிச் சாவியால் பெயின்ட்டைச் சுரண்டினால் பழைய வெல்டிங் தெரிந்துவிடும். புதுப் பெயின்ட் எங்கே தடிமனாக இருக்கிறதோ அங்கேதான் முதலில் சுரண்ட வேண்டும் என்பது நான் பணம் கொடுத்துக் கற்ற பாடம். டிராக்டரின் சுழற்சியைக் கருவிக்குக் கொண்டுவரும் பி.டி.ஓ. தண்டு நுழையும் முனையில் 6 வரிப் பற்கள் இருந்தால் அது பொதுவாக நிமிடத்துக்கு 540 சுற்றுக்கானது. 21 பற்கள் இருந்தால் 1000 சுற்றுக்கானது. இது தெரியாமல் மாற்றிப் பூட்டினால் கத்தி தாங்க வேண்டிய வேகம் இரட்டிப்பை நெருங்கும். ரோட்டவேட்டரின் கத்தி மண்ணுக்குள் சுழல்வது; ஸ்லாஷரின் கத்தியோ தரைக்கு மேலே படுக்கையாக வீசுவதால், ஒரு கல் பட்டால்கூடத் துப்பாக்கிக் குண்டுபோல் தெறிக்கும். கத்தி போல்ட்டின் துளை நீள்வட்டமாகத் தேய்ந்த கருவியை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் தொடக்கூடாது.

பி.டி.ஓ. தண்டின் மேலுறை இல்லாமலே பழைய கருவிகள் கைமாறுகின்றன. நிமிடத்துக்கு 540 சுற்று என்றால் நொடிக்கு 9 சுற்று. வேட்டி நுனி சிக்கினால் கையை எடுக்கக்கூட நேரம் இருக்காது.

எனவே, தயாரிப்பாளர் பெயர், மாடல், வரிசை எண், ஆண்டு ஆகியவற்றைக் கழற்றக்கூடிய தகட்டில் மட்டுமின்றிக் கருவியின் சட்டத்திலேயே ஆழமாகப் பொறிக்க வேண்டும் என்று அரசு விதி செய்ய வேண்டும். வேளாண் கருவிகளை வாடகைக்கு விடும் வேளாண்மைப் பொறியியல் துறை, பழைய கருவி வாங்க விரும்பும் விவசாயிக்கு அதை ஒரு சிறு கட்டணத்தில் சோதித்துச் சான்று தரும் ஏற்பாட்டையும் செய்ய வேண்டும். பழைய கருவியை விற்போரும் அந்த வரிசை எண்ணைக் குறித்த பில் தர வேண்டும்.

என் ஸ்லாஷரின் சட்டத்தில் பேரிங் எண்ணையும் சீல் அளவையும் பற்களின் எண்ணிக்கையையும் பட்டறையில் பொறித்து வைத்திருக்கிறேன். நாளை இதை என்னிடமிருந்து வாங்குபவருக்கு இப்போதைக்கு அதுதான் ஆவணம்.

இப்படிக்கு,
ஒரு தென்னை விவசாயி,
உடுமலைப்பேட்டை வட்டம்.