புயலுக்குப் பின் கூரை போடும் முன்: வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புடையீர்,

வணக்கம். புயல் ஓய்ந்ததும் கூரைத் தகடு கேட்டு வருபவர்களிடம், எண்ணிக் கொடுத்து அனுப்பாமல், பறந்துபோன பழைய தகட்டில் ஒரு துண்டையாவது கொண்டுவாருங்கள் என்று நாங்கள் சொல்வது சிலருக்கு மனவருத்தம் தந்திருப்பதை அறிவோம். வீடு திறந்து கிடக்கும்போது இது வீண் அலைக்கழிப்பாகத் தோன்றுவது இயல்பே. அப்படிக் கேட்பதற்கான காரணத்தை விளக்கவே இம்மடல்.

கூரையை எடுத்துச்செல்லும் காற்று பெரும்பாலும் தகட்டை உடைப்பதில்லை. தகட்டைப் பிடித்திருந்த ஏதோ ஒன்றைத்தான் தோற்கடிக்கிறது. எது தோற்றது என்பதைப் பழைய தகட்டின் துளையே காட்டிக்கொடுத்துவிடும். துளை கிழிந்து அகன்றிருக்க, போல்ட் மட்டும் மரத்திலேயே நின்றால், வாஷர் சிறியது அல்லது பிடிமானங்களின் எண்ணிக்கை குறைவு என்று பொருள். திருகாணி தகட்டோடு சேர்ந்து பிடுங்கிக்கொண்டு வந்திருந்தால், அதன் நீளம் போதவில்லை. இல்லையேல் மரம் உள்ளே உளுத்துப்போயிருக்கிறது. குறுக்குச் சட்டமும் தகட்டோடு ஒட்டிக்கொண்டு போயிருந்தால், சட்டத்தைக் கைமரத்தில், அதாவது கூரையைத் தாங்கும் சரிவு மரத்தில், வெறும் ஆணியால் அடித்திருப்பார்கள். ஆணி நேராக இழுத்தால் எளிதில் கழன்றுவிடும். கைமரங்களோடு கூரை முழுவதும் இடம்பெயர்ந்திருந்தால், குறை சுவரோடு கூரையைக் கட்டிய இடத்தில் இருக்கிறது. இந்த நான்குக்கும் மருந்து வேறுவேறு. நான்கிலும் புதுத் தகட்டை மட்டும் வாங்கிப் போடுபவர், அடுத்த புயலுக்கு அதே தகட்டை வயலில் தேடவேண்டியிருக்கும்.

காற்றின் அழுத்தம் அதன் வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப, அதாவது வேகத்தை வேகத்தாலேயே பெருக்கிய அளவுக்கு ஏற்ப, ஏறுகிறது. மணிக்கு 100 கிலோமீட்டர் வேகக் காற்றின் அழுத்தம் ஒரு சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 47 கிலோ எடைக்குச் சமம். 140 கிலோமீட்டரானால் அது 92 கிலோவை எட்டிவிடும். அரை மில்லிமீட்டர் தடிமனுள்ள இரும்புத் தகட்டின் எடையோ அதே பரப்பளவுக்கு ஐந்து கிலோ அளவில்தான். ஆகவே கூரை தன் எடையால் உட்கார்ந்திருக்கும் என்று நம்புவதற்கு இடமில்லை. அதிலும் இறவாரம் (கூரையின் கீழ் ஓரம்), முகடு, மூலைகள் ஆகிய இடங்களில் உறிஞ்சி மேலே இழுக்கும் விசை கூரையின் நடுப்பகுதியைவிட அதிகம் என்பதால், அங்கே திருகாணிகளை நெருக்கமாகப் போடவேண்டும். கூரை முழுவதும் ஒரே இடைவெளியில் போடுவது பார்வைக்கு அழகு, அவ்வளவுதான். ஒரு பக்கம் மட்டும் திறந்திருக்கும் மாட்டுக்கொட்டகைக்கு இன்னொரு தொல்லையும் உண்டு: உள்ளே புகுந்த காற்று வெளியேற வழியின்றிக் கூரையைக் கீழிருந்து தள்ள, மேலே ஓடும் காற்று அதையே இழுக்கிறது.

அவசரத்துக்குத் தார்ப்பாய் போடுபவர்கள் அதன் மேல் கல்லையும் செங்கல்லையும் அடுக்க வேண்டாம். அடுத்த காற்றில் அவை எறிகற்களாகிவிடும். தார்ப்பாயை முகட்டைத் தாண்டி மறுசரிவு வரை கொண்டுபோய், அதன் ஓரத்தை ஒரு நீளக் கட்டையில் சுற்றி, அந்தக் கட்டையைச் சட்டத்தோடு திருகாணியால் இறுக்குவதே நிற்கும். ஆனால் ஏறுவதற்கு முன் மெயின் சுவிட்சை அணைத்துவிடுங்கள். அறுந்த மின்கம்பி கூரையிலோ வேலியிலோ கிடந்தால், மின்துறையினர் வந்து பார்க்கும் வரை அந்தப் பக்கமே போகாதீர்கள். சூரியத் தகடு வைத்திருப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை: மெயினை அணைத்தாலும், வெயில் இருக்கும்வரை அந்தத் தகடுகளின் வயரில் மின்சாரம் இருக்கும். உடைந்த பழைய கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) ஓடுகளை அறுக்கவோ உலர்ந்த நிலையில் பெருக்கவோ கூடாது. அவற்றின் தூசு நுரையீரலுக்குக் கேடு. நன்றாக நனைத்து, முகத்தை மூடிக்கொண்டு, முழுத் துண்டுகளாகவே எடுத்து வையுங்கள். எதையும் அகற்றும் முன், காப்பீடு இருந்தாலும் இல்லாவிட்டாலும், நான்கு பக்கமும் படம் எடுத்துக்கொள்வது நல்லது.

கூரை வேலையின் பரபரப்பில் கொட்டகைக்குள் இருப்பவற்றை மறந்துவிடுகிறோம். நனைந்த வைக்கோலை அப்படியே அடுக்கி மூடிவைத்தால் அது உள்ளுக்குள் புழுங்கிச் சூடேறி, சில நாட்களிலோ வாரங்களிலோ தானே தீப்பற்றக்கூடும். வைக்கோல் போருக்குள் ஓர் இரும்புக் கம்பியைச் செருகிச் சிறிது நேரம் கழித்து உருவிப் பாருங்கள். கையில் பிடிக்க முடியாத சூடு இருந்தால் போரைத் தனியாகப் பிரிக்கத் தொடங்காதீர்கள், காற்றுப் பட்டதும் நெருப்பு எழலாம் என்பதால் தீயணைப்பு நிலையத்தாரை அழையுங்கள்.

எங்கள் கடைச் சரக்கே செய்யும் கேடு ஒன்றையும் மறைக்காமல் சொல்லவேண்டும். கூரையிலிருந்து சிதறிய ஆணிகளும் கம்பித் துண்டுகளும் புல்லில் கிடந்தால், மாடு அவற்றைத் தீனியோடு சேர்த்து விழுங்கிவிடும். மாடு நாவால் சுருட்டி விழுங்கும் பிராணி, பொறுக்கி உமிழாது. விழுங்கிய ஆணி இரைப்பையின் இரண்டாம் அறையில் தங்கி, அதன் சுவரைத் துளைத்து இதயம் வரை செல்வதுண்டு. வலுவான காந்தம் ஒன்றைக் கயிற்றில் கட்டி, கொட்டகையைச் சுற்றித் தரையோடு தரையாக இழுத்துச் சென்றபின் மாட்டை அவிழ்த்துவிடுங்கள். காந்தம் எங்களிடம் இரவலாகவே கிடைக்கும். விலைக்கு வாங்கத் தேவையில்லை.

கடைக்கு வரும்போது பழைய தகட்டின் துளையுள்ள துண்டு ஒன்று, கழன்றுவந்த போல்ட் அல்லது திருகாணி ஒன்று, முகட்டிலிருந்து இறவாரம் வரையிலான நீளம், சட்டத்துக்குச் சட்டம் உள்ள இடைவெளி, இவற்றைக் கொண்டுவந்தால் போதும். மரம் இன்னும் ஈரமாக இருந்தால் அதையும் சொல்லுங்கள். ஈர மரத்தில் இறுக்கிய திருகாணி, மரம் உலர்ந்து சுருங்கியதும் தளர்ந்துவிடும் என்பதால், ஒரு மாதம் கழித்து மீண்டும் ஒருமுறை இறுக்கவேண்டிய நாளை உங்கள் பில்லிலேயே குறித்துத் தருவோம்.

இப்படிக்கு,
கடை நிர்வாகத்தினர்