எழுத்தில் வராத முறைப்பாடு: பெண்களுக்கான மலசலகூடங்கள் பற்றி

ஆசிரியர் அவர்களுக்கு,

வன்னியில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். இப்போது எங்கள் கிராமத்து மாதர் சங்கத்தின் அலுவல்களுக்காக ஓர் அரச அலுவலகத்துக்கு மாதந்தோறும் போய்வருகிறேன். அந்த அலுவலகத்தின் பின்புறத்தில் இரண்டு மலசலகூடங்கள் உண்டு. ஆண்களுக்கென்று கட்டப்பட்டதற்குள் உடைந்த கதிரைகளும் பழைய கோப்புக் கட்டுகளும் கூரை முட்ட அடுக்கப்பட்டு இரண்டு ஆண்டுகளாகிவிட்டன. மற்றையதன் கதவில் நீல மையால் ‘பெண்கள்’ என்று எழுதியிருப்பது இன்னும் அழியவில்லை. ஆனால் உத்தியோகத்தர்கள், சாரதிகள், காவலாளி, அலுவல் பார்க்க வருகிற பொதுமக்கள் என்று எல்லோரும் போவது அதற்குள்தான். உட்பக்கத்துக் கொண்டி கழன்றுபோன இடத்தில் ஒரு சேலைக்கரைத் துண்டு கட்டப்பட்டிருக்கிறது. உள்ளே போகிறவர் அலுவல் முடியும்வரை அதை ஒரு கையால் இழுத்துப் பிடித்துக்கொண்டிருக்க வேண்டும்.

சென்ற கூட்டத்தின் முடிவில் இதைப் பற்றி அங்குள்ள பொறுப்பான ஒருவரிடம் கேட்டேன். “அம்மா, இதுவரைக்கும் ஒருவரும் எழுத்தில் ஒரு முறைப்பாடும் தரவில்லையே. ஒருவருக்கும் பிரச்சினை இல்லையென்றுதானே அர்த்தம்?” என்றார். அவர் அதை ஏளனமாகச் சொல்லவில்லை. எழுந்து நின்று, மரியாதையாகவே சொன்னார். உண்மையிலேயே அப்படித்தான் நம்புகிறார் என்பது தெரிந்தபடியால்தான் இந்தக் கடிதத்தை எழுதுகிறேன். முறைப்பாட்டுப் புத்தகத்தின் வெற்றுப் பக்கங்களைப் பார்த்துப் பெண்களுக்குக் குறையொன்றும் இல்லை என்று முடிவு செய்கிற பொறுப்பானவர்கள் வன்னியில் அவர் ஒருவர் மட்டுமல்லர்.

அந்தப் புத்தகம் ஏன் வெறுமையாக இருக்கிறது என்பதை அங்கே வேலை செய்கிற ஓர் இளம் அபிவிருத்தி உத்தியோகத்தர் எனக்கு ஒரே வசனத்தில் விளக்கினார். என்னிடம் படித்த பிள்ளை. “ரீச்சர், எழுதிறதெண்டால் அவருக்கூடாகத்தானே எழுதவேணும், அவரும் அதைத்தானே பாவிக்கிறார்” என்றார். அரச சேவையில் இருந்தவர்களுக்கு ‘ஊடாக’ என்ற சொல்லின் பாரம் தெரியும். எந்த விண்ணப்பமானாலும் எந்தக் குறையானாலும் தனக்கு மேலுள்ளவரின் ஊடாகவே மேலே போக வேண்டும். அவர் தன் சிபாரிசை எழுதிக் கையொப்பமிட்டால்தான் அது நகரும். இடமாற்றத்துக்கும் சம்பள ஏற்றத்துக்கும் விடுமுறைக்கும் அவருடைய கையொப்பமே வேண்டும். அப்படியிருக்க, அவர் அன்றாடம் போய்வருகிற கதவைப் பற்றியே அவர் கையில் ஒரு கடிதத்தைக் கொடுக்கச் சொல்வது, எந்தப் பெண்ணும் இலேசில் செய்யக்கூடிய காரியமா? பொதுமக்களாகிய எங்களுக்கோ வாசலில் ஒரு முறைப்பாட்டுப் பெட்டி தொங்குகிறது. அதனருகில் வைத்திருக்கும் படிவம் முதலில் கேட்பது பெயர், முகவரி, அடையாள அட்டை இலக்கம், தொலைபேசி இலக்கம். அடுத்துக் கேட்பது, முறைப்பாடு யாருக்கு எதிரானது என்பது.

அந்த இரண்டாவது கேள்வியிலேயே பல பெண்கள் பேனையைக் கீழே வைத்துவிடுகிறார்கள். சில மாதங்களுக்கு முன்பு அந்த மலசலகூடத்தில் ஒரு சம்பவம் நடந்தது. உள்ளே ஒரு பெண் உத்தியோகத்தர் இருந்தபோது, காணி அலுவலாக வந்திருந்த முதியவர் ஒருவர் கதவைத் தள்ளினார். சேலைக்கரை கையை விட்டு நழுவிவிட்டது. அந்த மனிதர் பதறிப்போய்த் திரும்பிய வேகத்தில் வாசற்படியில் தடுக்கி விழப் பார்த்தாராம். அவரில் ஒரு பிழையும் இல்லை. வேறு மலசலகூடம் இருந்தால் அவர் அதற்குத்தான் போயிருப்பார். ஆனால் அந்தப் பெண் அடுத்த மூன்று நாளும் வேலைக்கு வரவில்லை. அவர் யாருக்கு எதிராக எழுதுவது? தண்டனைச் சட்டக்கோவையின் 345ஆம் பிரிவு 1995ஆம் ஆண்டுத் திருத்தத்தின் பின் பாலியல் தொந்தரவைத் தண்டனைக்குரிய குற்றமாக்கியிருக்கிறது. அது பெரிய பாதுகாப்பு என்பதை நான் மறுக்கவில்லை. ஆயினும் இங்கே குற்றவாளி என்று ஒருவர் இல்லை. ஒரு பூட்டிய அறையும் ஒரு கழன்ற கொண்டியும்தான் இருக்கின்றன. கூட வேலை செய்கிற ஆண்களைக் குற்றஞ்சாட்ட இந்தப் பெண்கள் விரும்பவில்லை. பல வருடங்களாக அண்ணா என்றும் தம்பி என்றும் அழைத்துப் பழகிய மனிதர்கள் அவர்கள். எதிராளி இல்லாத முறைப்பாட்டை எழுதுவதற்கு அந்தப் படிவத்தில் இடமில்லை.

எழுதத் துணிந்தாலும் எதை எழுதுவது என்ற கேள்வி வருகிறது. மாதவிடாய் நாட்களில் துணியோ நாப்கினோ மாற்றுவதற்கு இடமில்லை, போடுவதற்குக் கூடை இல்லை, கடதாசியில் சுற்றிக் கைப்பைக்குள் வைத்து வீட்டுக்குக் கொண்டுபோகிறோம் என்பதுதான் உண்மையான முறைப்பாடு. அதை எழுதினால் அந்தக் கடிதம் வரவுப் பதிவேட்டில் பதியப்பட்டு, திகதி முத்திரை குத்தப்பட்டு, நான்கைந்து மேசைகளைக் கடந்து போகும். ஒவ்வொரு மேசையிலும் யாரோ ஒருவர் வாசிப்பார். மாலையில் அதே ஆட்களோடுதான் அந்தப் பெண் ஒரே பஸ்ஸில் வீட்டுக்குப் போக வேண்டும். எங்கள் ஊர்களில் ஒருவரை ஒருவர் தெரியாதவர் இல்லை. ‘அவளுக்கு அங்கே என்ன நடந்ததாம்?’ என்ற பேச்சு, அவள் வீட்டு வாசலை மிதிக்கும் முன்பே அங்கே போய்ச் சேர்ந்துவிடும். கணவனைப் போரில் இழந்து, தனியே பிள்ளைகளை வளர்க்கிற பெண்ணுக்கு அந்தப் பேச்சு இரட்டிப்பாகச் சுடும். அரசின் அஸ்வெசும உதவிப்பணப் பட்டியலிலிருந்து வீட்டுத்திட்டம் வரைக்கும் அவளுடைய கடதாசிகள் அதே அலுவலக மேசைகளில்தான் கிடக்கின்றன என்பதையும் அவள் மறப்பதற்கில்லை.

முறைப்பாடு செய்தால் இருப்பதையும் பூட்டிவிடுவார்கள் என்ற அச்சமும் உண்டு. அது வீண் அச்சமல்ல. அப்படிப் பூட்டப்பட்ட கதவுகளை நானே கண்டிருக்கிறேன்.

இவற்றையெல்லாம்விட ஆழமான காரணம் ஒன்று உண்டு. அதை வெளியில் இருந்து வருகிற அதிகாரிகள் விளங்கிக்கொள்வது கடினம். 2009இல் போரின் இறுதியில் வன்னியிலிருந்து வெளியேறியவர்களில் இரண்டு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் செட்டிகுளம் மெனிக் பாம் முகாம்களில் அடைபட்டிருந்தோம். விடிவதற்கு முன்பு எழும்பி மலசலகூடத்துக்கு வரிசையில் நின்றோம். உடுத்த உடுப்போடு திறந்த வெளியில் குளித்தோம். தாய்மார் பிள்ளைகளைச் சுற்றி நின்று சேலையை மறைப்பாகப் பிடித்தார்கள். அந்த முகாம் 2012 செப்ரெம்பரில்தான் முற்றாக மூடப்பட்டது. அதற்குள் இருந்து வந்தவர்களுக்கு அதற்குப் பின் கண்ட எதுவும் ‘பரவாயில்லை’ என்றுதான் தோன்றியது. நானும் அப்படித்தான் இருந்தேன். 2010இல் மீள்குடியேறிய ஊரில் பாடசாலையைத் தொடங்கியபோது தறப்பாள் கூரைக்குக் கீழே பாடம் நடத்தினோம். ஆண் ஆசிரியர்களுக்கும் பெண் ஆசிரியைகளுக்கும் ஒரே மலசலகூடம், தகரக் கதவு. கட்டடம் வந்தது, கணினி அறை வந்தது, அந்த ஒற்றை மலசலகூடம் மட்டும் ஐந்தாறு வருடங்கள் அப்படியே இருந்தது. கல்வி அதிகாரிகள் எத்தனையோ தடவை வந்தார்கள். நான் ஒரு நாளும் வாய் திறக்கவில்லை. பிள்ளைகளுக்குக் கதிரை இல்லாதபோது நான் எனக்கென்று ஒரு கதவைக் கேட்பதா என்று வெட்கப்பட்டேன். அந்த வெட்கத்தை இன்று நினைத்தால் மனம் நோகிறது. ஏனென்றால் நான் கேட்காமல் இருந்ததனால் எனக்குப் பின் வந்த இளம் ஆசிரியைகளும் அதே தகரக் கதவைத்தான் பிடித்துக்கொண்டிருந்தார்கள். முகாமை அளவுகோலாக வைத்து வாழப் பழகிய பெண்களின் மௌனத்தை, வசதி போதும் என்பதற்குச் சான்றாக எடுப்பது நியாயமில்லை.

உண்மையில் பெண்கள் மௌனமாக இருக்கவுமில்லை. அந்த அலுவலகத்துப் பெண்கள் காலைத் தேநீரைக் குடிப்பதில்லை. சோளகம் வீசுகிற மாதங்களில், வெயில் மண்டையைப் பிளக்கிற வன்னி வெக்கையில், போத்தல் தண்ணீரை மூடி திறக்காமலே வீட்டுக்குக் கொண்டுபோகிறார்கள். தவிர்க்க முடியாதபோது இருவராகச் சேர்ந்து போய், ஒருவர் வெளியே நின்று காவல் பார்க்கிறார். சிலர் தெருவைக் கடந்து எதிர்வீட்டு அம்மாவிடம் கேட்டு அவருடைய மலசலகூடத்தைப் பாவிக்கிறார்கள். அந்த அம்மாவின் நல்ல மனத்துக்கு நன்றி சொல்ல வேண்டும். மாதத்தில் சில நாட்களில் குறுகிய விடுமுறை போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போகிறவர்களும் உண்டு. சிறுநீரை அடக்கி அடக்கி வருகிற தொற்றுக்கு மருந்து எடுக்கிறவர்கள் அதைக் குடும்பநல உத்தியோகத்தரிடம் சொல்கிறார்கள், கூட்டித் துடைக்கிற அக்காவிடம் சொல்கிறார்கள், என்னைப் போன்ற பழைய ரீச்சரிடம் சொல்கிறார்கள். இவை அத்தனையும் முறைப்பாடுகளே. எழுத்தில் இல்லையென்பது ஒன்றுதான் குறை. போரில் காலை இழந்து ஊன்றுகோலோடு வருகிற ஒரு சகோதரி, இரண்டு கையும் கோலில் இருக்கையில் சேலைக்கரையை எந்தக் கையால் பிடிப்பார் என்று யாராவது யோசித்ததுண்டா? அவர் காலையில் வீட்டிலிருந்து எதையும் குடிக்காமல்தான் வருகிறார்.

சட்டம் இதைப் பற்றிப் பேசாமல் இல்லை. 1942ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கத் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம், ஆணும் பெண்ணும் வேலை செய்கிற தொழிற்சாலையில் இருபாலாருக்கும் தனித்தனி மலசலகூட வசதி இருக்க வேண்டும் என்று அன்றே சொல்லிவிட்டது. தொழிற்சாலைப் பெண்ணுக்கு எண்பது ஆண்டுகளுக்கு முன் எழுதிவைத்த இந்த மரியாதையை ஓர் அரச அலுவலகம் தன் சொந்தப் பெண் ஊழியர்களுக்குக் கொடுப்பதற்கு ஒருவர் முறைப்பாடு எழுதும்வரை காத்திருக்கத் தேவையில்லை. அரசியலமைப்பின் 12ஆம் உறுப்புரை பால் அடிப்படையில் பாரபட்சம் காட்டக்கூடாது என்கிறது. மனித உரிமைகள் ஆணைக்குழுவுக்கு வவுனியாவில் பிராந்திய அலுவலகம் இருக்கிறது. ஆனால் முல்லைத்தீவின் ஒரு கரையோரக் கிராமத்திலிருந்து அங்கே போய்வர ஒரு நாட்கூலி போய்விடும். ஒரு கொண்டிக்காக அவ்வளவு தூரம் போகச் சொல்வது முறையுமல்ல.

ஆகவே நான் கேட்பது முறைப்பாடு செய்யும் வழிகளைக் கூட்டும்படியல்ல. பார்க்க வேண்டிய கடமையுள்ளவர்கள் நேரில் போய்ப் பார்க்க வேண்டும். பொதுச் சுகாதாரப் பரிசோதகர் உணவுக்கடைகளின் பின்புறத்துக்குப் போய்ப் பார்க்கிறார். யாரும் முறைப்பாடு எழுதட்டும் என்று அவர் காத்திருப்பதில்லை. அலுவலகங்களின் பின்புறத்தையும் அவர் அப்படியே, பிரதேச செயலகத்தின் மகளிர் அபிவிருத்தி உத்தியோகத்தரையும் கூட்டிக்கொண்டு, முன்னறிவிப்பு இல்லாமல் பார்க்கலாம். பெண்களோடு தனியே, பெயர் பதியாமல், பத்து நிமிடம் பேசினாலே போதும். பஸ் நிலையங்களிலும் சந்தைகளிலும் உள்ளவை பிரதேச சபைகளின் பொறுப்பில் இருக்கின்றன. 2025 மே 6ஆம் திகதி நடந்த தேர்தலில் பெண்களுக்கான நூற்றுக்கு 25 வீத ஒதுக்கீட்டின்கீழ் சபைகளுக்குப் போயிருக்கிற எங்கள் சகோதரிகள் இதை முதல் அலுவலாக எடுத்துக்கொள்ளக் கூடாதா? அலுவலகங்களைப் பொறுத்தவரை, தகவல் அறியும் உரிமைக்கான 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ், உங்கள் கட்டடத்தில் எத்தனை பெண்கள் வேலை செய்கிறார்கள், அவர்களுக்கென்று எத்தனை மலசலகூடங்கள் பாவனையில் உள்ளன என்று எந்தப் பிரசையும் கேட்கலாம். கேட்பவர் காரணம் சொல்லத் தேவையில்லை. 14 வேலை நாட்களுக்குள் தீர்மானத்தை அறிவிக்க வேண்டும். அங்கே வேலை செய்யாத, இடமாற்றத்துக்குப் பயப்படத் தேவையில்லாத என்னைப் போன்ற ஓய்வு பெற்றவர்கள் அந்த விண்ணப்பத்தை எழுத முன்வர வேண்டும் என்று உங்கள் பத்திரிகை வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன். நான் எழுதியிருக்கிறேன்.

அலுவலகத்தின் பெயரை இங்கே குறிப்பிடவில்லை. குறிப்பிட்டால் என்னிடம் பேசியது யார் என்பது அன்றைக்கே தெரிந்துவிடும்.

அடுத்த கூட்டத்துக்குப் போகும்போது ஒரு கொண்டியும் நான்கு திருகாணிகளும் வாங்கிக்கொண்டு போக இருக்கிறேன். அதைப் பொருத்தித் தருவதற்கு எங்கள் சங்கத்து உறுப்பினர் ஒருவரின் மகன் வருவதாகச் சொல்லியிருக்கிறான். ஆனால் பக்கத்துக் கதவுக்குள் அடுக்கியிருக்கிற கதிரைகளை வெளியே எடுக்கும் அதிகாரம் எங்களுக்கு இல்லை. அதை அந்த அலுவலகம்தான் செய்ய வேண்டும்.

இங்ஙனம்,
ஓய்வுநிலை ஆசிரியை,
வன்னி.