நேவி ப்ளூவின் கணக்கு

திருப்பூரில் பனியன் வாங்கும் வெளிநாட்டு பிராண்டுகளின் கொள்முதல் பிரிவினருக்கு,

வணக்கம். இங்கே ஒரு நடுத்தர ஏற்றுமதி கம்பெனியில் நான் மெர்ச்சண்டைசர், அதாவது உங்கள் ஆர்டரை ஆரம்பம் முதல் கடைசிவரை கவனிக்கிற ஆள். துணி தயாரிக்க எவ்வளவு கார்பன் புகை வெளியானது என்று கேட்டு நீங்கள் அனுப்பும் கணக்கு ஷீட்டுகளை நிரப்புவதும் என் வேலைதான். ஒருவருக்குக் கிலோ கணக்கில் வேண்டும், இன்னொருவருக்குப் பீஸ் கணக்கில். ஒருவருக்கு ஏப்ரல் முதல் மார்ச் வரை, அடுத்தவருக்கு ஜனவரி முதல் டிசம்பர் வரை. துணி மட்டும் ஒரே சாயப்பட்டறையில் வேகிறது.

போன மாதம் அங்கே போய் விறகுக் கணக்குக் கேட்டேன். மேனேஜர் சிரித்துவிட்டார். "ஒரே பாய்லருங்க, எல்லா மிஷினுக்கும் அதே ஸ்டீமு. இதுல யாரு துணிக்கு எத்தன விறகுன்னு எப்படிங்க பிரிக்கறது?" கடைசியில் இருவரும் குத்துமதிப்பாக ஓர் எண்ணைப் போட்டோம். அதுதான் உங்கள் ஆண்டறிக்கைக்கு வந்து சேர்கிறது.

கரண்ட் எங்களுக்குப் பெரிய சிக்கலில்லை. பல கம்பெனிகளுக்குச் சொந்தக் காற்றாலை உண்டு. கூரையில் சோலார் போட்டவர்களும் உண்டு. நீங்கள் வந்தால் படம் எடுப்பதும் அங்கேதான். வெப்பம்தான் சிக்கல். அது எங்கள் காம்பவுண்டுக்குள் இல்லை, எங்களுக்குக் கூலிக்குச் சாயம் போட்டுத் தரும் பட்டறையில் இருக்கிறது. 2011-இல் உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்ன பிறகு, ஒரு சொட்டுக் கழிவுநீரும் நொய்யலுக்குப் போகக்கூடாது என்றாகிவிட்டது. நல்லதுதான். ஆனால் அந்த நீரை வடிகட்டி, மிச்சத்தைக் காய்ச்சி உப்பைப் பிரிக்கவும் கரண்டும் ஸ்டீமும் செலவாகின்றன. இதற்கு உங்கள் ஷீட்டில் கட்டமே கிடையாது.

போன சீசனில் ஒரு நேவி ப்ளூ ஆர்டர். பிராண்டின் பெயர் வேண்டாம். லேப் டிப், அதாவது சாயம் போட்ட சாம்பிள் துண்டு, அதன் அப்ரூவலுக்கு 12 நாள் காத்திருந்தோம். பிறகு ஷேட் கொஞ்சம் சிவக்கிறது என்று திருப்பினார்கள். மறுபடி சாயம், மறுபடி ஸ்டீம். டெலிவரி தேதி மட்டும் நகரவில்லை. தூத்துக்குடியில் கப்பல் ஏற வேண்டிய பெட்டிகள் விமானம் ஏறின. அதே எடையை அதே தூரம் கொண்டுபோக விமானம் விடும் புகை கப்பலைப்போல் பல பத்து மடங்கு. சோலாரில் நாங்கள் பார்த்துப் பார்த்து மிச்சம் பிடித்ததை அங்கே கொட்டினோம். விமானக் கூலியும் எங்கள் தலையில்தான்.

நீங்கள் எல்லாரும் உட்கார்ந்து பேசி ஒரே ஷீட்டாக அனுப்புங்கள். சாயப்பட்டறைக்கு மூன்று வருட ஆர்டருக்கு எழுத்தில் உறுதி கொடுங்கள். கிலோ துணிக்கு 10 லிட்டர் தண்ணீரைச் சூடாக்கும் மிஷினை மாற்றி, பாதித் தண்ணீரில் முடிக்கும் மிஷின் வாங்க அந்த உறுதியைக் காட்டித்தான் பேங்கில் லோன் கேட்க முடியும். ஷேட் அப்ரூவலுக்கு உங்களுக்கும் ஒரு கெடு வையுங்கள்.

அந்த நேவி ப்ளூவின் ஷீட்டை நான் இன்னும் அனுப்பவில்லை. 'தாமதம் யாரால்' என்று ஒரு கட்டம் சேர்த்துக் கொடுங்கள், அன்றைக்கே நிரப்பி அனுப்புகிறேன்.

இப்படிக்கு,
திருப்பூர் மெர்ச்சண்டைசர் ஒருவன்