நீச்சலுக்கான இதயத் துடிப்புக் கடிகாரம் குறித்த புகார்

அனுப்புநர்: தங்கள் வாடிக்கையாளர், குன்னூர், நீலகிரி மாவட்டம்.

பெறுநர்: மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு.

பொருள்: மூத்தோரின் நீச்சல் பயிற்சிக்குத் தங்கள் கடிகாரம் ஆபத்தான துடிப்பு இலக்கு வைப்பது தொடர்பாக.

ஐயா,

வணக்கம். எனக்கு வயது 70. இதயத் துடிப்பைக் குறைக்கும் பீட்டா பிளாக்கர் வகையைச் சேர்ந்த மெட்டோப்ரோலால் மாத்திரை சாப்பிட்டு வருகிறேன். நீந்தும்போது துடிப்பு நிமிடத்திற்கு 115-ஐத் தாண்டக் கூடாது என்று என் இதய மருத்துவர் எழுதியே கொடுத்திருக்கிறார். மூத்தோரின் நீச்சலுக்கு ஏற்றது என்ற தங்கள் விளம்பரத்தை நம்பித்தான் இதை வாங்கினேன்.

கடிகாரமோ 220-இலிருந்து வயதைக் கழித்து, 150-ஐ என் உச்சத் துடிப்பாகக் கொண்டு, அதில் 80 முதல் 90 விழுக்காட்டை, அதாவது 120 முதல் 135 வரை, இலக்காக வைத்து, நான் அதற்குக் கீழே நீந்தும் ஒவ்வொரு முறையும் 'வேகம் போதாது' என்று மணிக்கட்டில் அதிர்கிறது. அந்தச் சூத்திரம் வெறும் சராசரி. 2001-இல் வெளியான இன்னொரு கணக்குப்படி, 208-இலிருந்து வயதின் 0.7 மடங்கைக் கழித்தால், எனக்கு 159 வருகிறது. ஒரே வயதுக்காரர்களுக்குள்ளேயே பத்து, இருபது துடிப்பு வேறுபடுவது சகஜம். தண்ணீரில் உடல் படுத்த நிலையில் இருப்பதாலும், நீரின் அழுத்தம் இரத்தத்தை இதயத்துக்குத் தள்ளுவதாலும், ஓட்டத்தைவிட நீச்சலில் உச்சத் துடிப்பு பொதுவாகப் பத்து வரை குறையும்; பீட்டா பிளாக்கர் வகை மாத்திரை அதை இன்னும் கீழே இறக்கும். இவற்றில் ஒன்றைக்கூடக் கேட்காத கருவி, மருத்துவர் சொன்ன உச்சவரம்பை நானே பதிவு செய்யவும் வழி வைக்கவில்லை. இதைத்தான் என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

அளவீடும் நம்பும்படி இல்லை. சுமார் 1,850 மீட்டர் உயரத்திலுள்ள இவ்வூரில் காலைத் தண்ணீர் சில்லென்றிருக்கும். தோலின் இரத்தக் குழாய்கள் சுருங்கிவிடும். வாருக்கடியில் நீரும் புகுந்துகொள்ளும். தோலுக்கடியில் ஓடும் இரத்தத்தைப் பச்சை ஒளியால் பார்த்துத் துடிப்பை அளக்கும் சென்சார் தடுமாறுவது அதனால்தான். ஒருநாள் சுவரைத் தொட்டதும் கழுத்தில் விரல் வைத்து 15 விநாடிக்கு 27 எண்ணினேன், அதாவது 108. கடிகாரம் 71 காட்டி, மேலும் முடுக்கியது.

தங்கள் சேவைப் பிரிவினர், நெஞ்சில் கட்டித் துடிப்பை அளக்கும் பட்டை வாங்கச் சொன்னார்கள். பட்டையிலிருந்து கடிகாரத்துக்குத் தகவல் அனுப்பும் புளூடூத் அலை தண்ணீரைக் கடந்து செல்வதில்லை என்பதால், பட்டை சேமித்து வைக்கும் அளவைக் கரையேறிய பிறகே பார்க்க முடியும். நீந்தும் நேரத்தில் அது எச்சரிக்காது.

ஆகவே, உச்சவரம்பை வாடிக்கையாளரே பதிவு செய்யும் வசதியை மென்பொருளில் சேர்க்க வேண்டும். இத்தகைய மாத்திரை சாப்பிடுவோர் மருத்துவரைக் கேட்டே இலக்கு வைக்க வேண்டும் என்ற எச்சரிக்கையை விளம்பரத்திலும் பெட்டியிலும் அச்சிட வேண்டும். என் பணத்தைத் திருப்பித் தர வேண்டும். என்னோடு நீந்தும் பலரும் அறுபதைக் கடந்தவர்கள் என்பதால், பணம் மட்டும் வந்தால் போதும் என்று விட்டுவிட எனக்கு மனமில்லை. 30 நாட்களுக்குள் எழுத்துப்பூர்வமான பதில் வராவிடில், நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-இன்படி மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் முறையிடுவேன்.

ரசீதின் நகலும் மருத்துவர் எழுதிய சீட்டின் நகலும் இணைத்துள்ளேன்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்