பூங்கா ஓடைப் பாலம்: ஞாயிறு காலை அளவெடுப்பு

வணக்கம் உறவுகளே. ஞாயிறு காலை 7.30க்குப் பசியாறிவிட்டுப் பூங்கா ஓடைப் பாலத்துக்கு வந்துவிடுங்கள். அளவு நாடாவும் கைப்பேசியும் போதும்.

வளைவின் நீளம், உச்சி உயரம், தடிப்பு முதலில். அப்புறம் அடிப்பக்கம். காங்கிரீட் வளைவு பாரத்தையெல்லாம் அழுத்த விசையாக இரு கரைக்கும் இறக்குகிறது. கரையடி அரித்தால் வளைவே விரிசல் விடும். உள்ளே கம்பி துருப்பிடித்தால் பருத்து, மேல் காங்கிரீட்டைப் பிளக்கும். பழுப்புக் கறை தெரியும் இடத்தில் அளவுகோல் வைத்துப் படமெடுங்கள். காங்கிரீட் வார்த்த பலகை அச்சின் தடங்களையும் விடாதீர்கள், அவை கட்டிய கைகளின் அடையாளம்.

பேராக்கில் உள்ள கராய் விக்டோரியா ரயில் பாலம் 1900இல் திறந்தது என்று எல்லாரும் சொல்கிறோம். நம் பாலத்துக்கும் ஒரு பதிவு வேண்டும். ரப்பர் பால் வாளியோடு நம் பாலத்தைக் கடந்த தாத்தா, பாட்டி வீட்டில் இருந்தால் கட்டாயம் கூட்டி வாருங்கள்.

மழை பெய்தால் ஓடையில் இறங்க வேண்டாம்.