சாக்கை மாலையிலேயே போடு

யீஷூன், சிங்கப்பூர்

அன்புள்ள வசந்தா,

உன் கடிதம் கிடைத்தது. ஊட்டிக்குத் திரும்பிப் போன முதல் குளிர்காலத்திலேயே உறைபனியில் இத்தனை செடி கருகிவிட்டதே! தலைக்குந்தா பக்கம் பள்ளம் அல்லவா, குளிர்ந்த காற்று சரிவில் இறங்கி அங்கேதான் தேங்கும். மிச்சமுள்ள தொட்டிகளை வேலியோரத்திலிருந்து எடுத்து வீட்டுச் சுவரை ஒட்டி வை.

ராத்திரி படுக்கப் போகும்போது சாக்கு போடுவதாக எழுதியிருக்கிறாய். அது தாமதம். பகலில் மண் வாங்கிய சூட்டை வெளியே விடாமல் பிடித்து வைக்கத்தான் சாக்கு. பொழுது சாயும் முன்பே, தரையைத் தொடும்படி மூடிவிடு. மேகமில்லாமல், காற்றில்லாமல் நட்சத்திரம் பளிச்சென்று தெரிகிற ராத்திரிதான் ஆபத்து. அன்று பகலிலேயே மண்ணை நனைத்து வை, ஈர மண் சூட்டை அதிகம் தாங்கும். பிளாஸ்டிக் தாள் வேண்டாம், இலையில் ஒட்டினால் ஒட்டிய இடம் கருகும். தாவரவியல் பூங்காவில் நாற்றுகளுக்கு மேல் கோத்தகிரி மிலார் என்ற செடியைப் பரப்பியிருப்பார்களே, அது கிடைத்தால் இன்னும் நல்லது. வெயில் ஏறியதும் எடுத்துவிடு.

தக்காளி போனது போனதுதான். ஆனால் ஜெரேனியத்தையும் ஹைட்ரேஞ்சியாவையும் வெட்டாதே. பார்க்க அசிங்கமாக இருந்தாலும் கருகிய இலை கீழே உள்ள மொட்டுக்குக் குடை. மார்ச் வரை பொறு. கறிவேப்பிலையைத் தரையில் நட்டது எனக்குப் பிடிக்கவில்லை. தொட்டிக்கு மாற்றி, ராத்திரியில் வீட்டுக்குள் வை.

இங்கே எங்கள் கவலை வேறு. வடகிழக்குப் பருவமழை விடாமல் பெய்கிறது. சாரலில் தொட்டி மண் காயவே மாட்டேன் என்கிறது, மல்லிகைக்கு வேர் அழுகல். 2018 ஜனவரியில் 21 டிகிரிக்கு இறங்கியபோது எங்கள் அடுக்குமாடி புளோக்கே ஸ்வெட்டர் தேடியது, நீ சிரிப்பாய். தொட்டிக்கு அடியில் தட்டு வைத்தால் தண்ணீர் தேங்கிக் கொசு முட்டையிடும், டெங்கிச் சோதனைக்கு வருபவர்கள் அதைத்தான் முதலில் பார்ப்பார்கள். தட்டையே எடுத்துவிட்டேன். காரிடாரில் நடக்க வழி விட வேண்டும் என்பது விதி, அதனால் எல்லாம் ஒரே வரிசை. பக்கத்து வீட்டு மலாய் அக்காவின் பாண்டான் செடி மட்டும் இந்த மழையிலும் கொழுத்து நிற்கிறது, பொறாமையாக இருக்கிறது.

தைப்பூசம் முடிந்ததும் மகனோடு ஊருக்கு வருவதாக இருக்கிறேன். தேக்கா சந்தையில் வாங்கிய கீரை விதை தரலாம் என்று பார்த்தால், விதையைக் கொண்டுவர அனுமதி அது இது என்று அலைய வேண்டும். வெறுங்கையோடுதான் வருவேன், திட்டாதே. ஹைட்ரேஞ்சியா அடியில் துளிர் தெரிந்தால் படம் எடுத்து அனுப்பு.

அன்புடன்,
கமலா