அப்பாவைப் பார்த்துக்கொண்ட எல்லோருக்கும் நன்றி

கர்த்தருக்குள் அன்பான சேகரத்து (சபை வட்டாரத்து) மக்களுக்கும், எங்கள் தெருக்காரர்களுக்கும், சொந்தபந்தங்களுக்கும் ஸ்தோத்திரம்.

எங்கள் அப்பா போன மாதம் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்கள். அடக்க ஆராதனைக்கு வந்தவர்கள், வெளியூரிலிருந்து ஃபோனில் ஆறுதல் சொன்னவர்கள், எங்கள் அடுப்பைப் பற்றவைக்கவே விடாமல் சாப்பாடு கொண்டுவந்த பெண்கள் ஐக்கிய சங்கத்தார், கல்லறைத் தோட்டத்துச் சேற்றில் நின்று பாடின பாடகர் குழுப் பிள்ளைகள், எல்லோருக்கும் அம்மா, தம்பி, நான் மூவரும் சேர்ந்து நன்றி சொல்கிறோம்.

அடக்கத்துக்கு வந்த பலருக்கு அதற்கு முந்தின இரண்டு வருஷங்கள் எப்படிப் போயின என்று தெரியாது. அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

முதல் நன்றி அப்பாவைக் கவனிக்க வந்த அக்காவுக்கு. பக்கவாதத்தில் அப்பாவுக்கு வலது பக்கம் விழுந்துவிட்டது, பேச்சும் போய்விட்டது. இப்படிப் படுத்திருப்பவர்களை இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை புரட்டிப் படுக்க வைக்க வேண்டும். இல்லாவிட்டால் இடுப்பிலும் குதிகாலிலும் புண் வந்துவிடும். பகலில் நாங்கள் செய்துவிடுவோம். ராத்திரி எப்போது எனக்கு விழிப்புத் தட்டினாலும் அந்த அறையில் அக்காவின் குரல் கேட்கும். “ஐயா, இந்தப் பக்கம் திரும்பப் போறோம், சரியா?” பதில் சொல்ல முடியாத மனுஷரிடம் ஒவ்வொரு தடவையும் கேட்டுவிட்டுத்தான் கையை வைப்பார். கஞ்சி கொடுக்கும்போதும் அப்படித்தான். தலையைக் கொஞ்சம் முன்னால் சாய்த்து, ஒரு வாய் இறங்கிவிட்டதா என்று தொண்டையைப் பார்த்தபிறகே அடுத்த கரண்டி. கடைசிவரை அப்பாவின் உடம்பில் ஒரு புண் இல்லை. “நாங்க எல்லாரும் தூங்குறோம், நீங்களும் ஒரு நாள் தூங்கினா யாருக்குத் தெரியும் அக்கா?” என்று கேட்டேன். “ஐயாவால சொல்ல முடியாது, அதனாலதான் எனக்குப் பயம். ஆண்டவர் கேப்பார்லா” என்றார்.

லேவியராகமம் 19ஆம் அதிகாரத்தில் ஒரு கட்டளை உண்டு: “செவிடனை நிந்தியாமலும், குருடனுக்கு முன்னே தடுக்கல்லை வைக்காமலும், உன் தேவனுக்குப் பயந்திருப்பாயாக.” செவிடனைத் திட்டினால் அவனுக்குக் கேட்காது. கல்லைப் போட்டது யாரென்று குருடனுக்குத் தெரியாது. இரண்டு பேராலும் யார்மேலும் புகார் சொல்ல முடியாது. சரியாக அந்த இடத்தில் வேதம் தேவபயத்தைக் கொண்டுவந்து வைக்கிறது. நரைத்தவனுக்கு முன் எழுந்து நில் என்னும்போதும், 25ஆம் அதிகாரத்தில் நொடித்துப்போன சகோதரனிடம் வட்டி வாங்காதே என்னும்போதும் அதையேதான் சொல்கிறது. தேவபயம் மனுஷனை ஒடுக்கிப் போட்டுவிடும் என்று நினைக்கிறவர்கள் இருக்கிறார்கள். எங்கள் வீட்டில் அது அப்பாவின் முதுகைக் காத்தது.

வட்டி என்றதும் பலசரக்குக் கடை அண்ணாச்சியைச் சொல்லாமல் இருக்க முடியாது. ஸ்கேனுக்கும் ஆஸ்பத்திரிக்கும் கொடுத்த பணத்துக்குப் பத்திரம் கேட்கவில்லை, வட்டி பேசவில்லை. “படுத்துக் கிடக்கிற மனுஷன் பேர்ல வட்டி வாங்கிட்டு சாமி முன்னால எப்படி நிக்கது?” என்றார். அண்ணாச்சி நம் சபைக்கு வருகிறவர் இல்லை. “எந்த ஜனத்திலாயினும் அவருக்குப் பயந்திருந்து நீதியைச் செய்கிறவன் எவனோ அவனே அவருக்கு உகந்தவன்” என்று, யூதனல்லாத ரோமப் படைத்தலைவன் கொர்நேலியுவின் வீட்டில் நின்று இயேசுவின் சீஷர் பேதுரு சொன்னபோது அவருக்கு இருந்த ஆச்சரியம் அன்றைக்கு எனக்கும் இருந்தது.

அப்புறம், எங்கள் சேகரத்து ஐயா, எங்கள் போதகர். அப்பா விழுந்த புதிதில் வீட்டுக்கு வந்த சிலர், இன்ன மாதத்துக்குள் எழுந்து நடப்பார் என்று ஆண்டவர் தங்களிடம் சொன்னதாகச் சொன்னார்கள். அந்த மாதம் வந்தது, போனது. அம்மா உடைந்துபோய் ஐயாவிடம், “நீங்களாவது ஒரு வார்த்தை சொல்லுங்க ஐயா” என்று கேட்டார்கள். “ஆண்டவர் என்கிட்ட சொல்லாததை அவர் பேரால சொல்ல எனக்குப் பயம்மா இருக்கும்மா” என்று ஐயா சொன்னார்கள். அம்மா அன்றைக்குத்தான் நிம்மதியாகத் தூங்கினார்கள்.

ஐயா லூக்கா சுவிசேஷம் 23ஆம் அதிகாரத்தை வாசித்ததும் அந்த நாட்களில்தான். இயேசுவின் இரு பக்கமும் சிலுவையில் தொங்கின குற்றவாளிகளில் ஒருவன் அவரிடம், நீ கிறிஸ்துவானால் உன்னையும் எங்களையும் இரட்சித்துக்கொள் என்கிறான். மற்றவன் அவனைக் கடிந்துகொள்கிறான்: “நீ தேவனுக்குப் பயப்படுகிறதில்லையா?” அந்த மேட்டில் தேவபயத்தைப் பற்றிப் பேசினவன் அவன் ஒருவன்தான். என்னை இறக்கிவிடும் என்று அவன் கேட்கவில்லை. “அடியேனை நினைத்தருளும்” என்று மட்டும் கேட்டான். தண்டனை ரத்தாகவில்லை, அவன் கால் எலும்புகளையும் முறித்தார்கள். ஆனாலும் “இன்றைக்கு நீ என்னுடனேகூடப் பரதீசிலிருப்பாய்” என்கிற வாக்கு அவனுக்குத்தான் கிடைத்தது. எனக்குத் தெரிந்து இதைவிட நிச்சயமான நம்பிக்கை வேறில்லை. குணமாகும் என்று யாரும் உறுதி சொல்லாத வீட்டில் நாங்கள் அதைப் பிடித்துக்கொண்டுதான் இருந்தோம்.

பேச்சுப் பயிற்சி கொடுத்த தங்கைக்கும் எங்கள் நன்றி. பேச்சு போனாலும் பாட்டும் மனப்பாடமும் தங்கியிருக்கலாம், சொல்லிக் கொடுத்துப் பாருங்கள் என்று அவர்தான் சொன்னார். அம்மாவின் பேரைக்கூடச் சொல்ல வராத அப்பா, “கர்த்தாவே, ஆழங்களிலிருந்து உம்மை நோக்கிக் கூப்பிடுகிறேன்” என்று ஐயா 130ஆம் சங்கீதத்தைத் தொடங்கினதும் கூடவே சொல்ல ஆரம்பித்தார்கள். சிறுவயதில் ஓய்வுநாள் பள்ளியில் படித்தது. நாலாம் வசனத்தில் குரல் தெளிவாகவே வந்தது: “உமக்குப் பயப்படும்படிக்கு உம்மிடத்தில் மன்னிப்பு உண்டு.”

1738 மே 24ஆம் தேதி மதியம் லண்டன் செயின்ட் பால் பேராலயத்தில், மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கின ஜான் வெஸ்லி கேட்டதும் இந்தச் சங்கீதம்தான் என்று ஆறுதல் ஆராதனையில் ஐயா சொன்னார்கள். அன்று சாயங்காலம்தான் ஆல்டர்ஸ்கேட் தெருவில் அவருக்கு மன்னிப்பின் நிச்சயம் கிடைத்தது. தண்டனைக்குப் பயப்படுகிறவன் ஓடி ஒளிவான், மன்னிக்கப்பட்டவனுக்கு வரும் பயம் ஆண்டவரை விட்டு நகர விடாது என்று ஐயா சொன்னதை அம்மா வேதாகமத்தின் ஓரத்தில் எழுதி வைத்திருக்கிறார்கள். அப்பாவின் கடைசி வாரம் அப்படித்தான் இருந்தது. கலக்கம் இல்லை. ஜெபத்துக்குக் கண்ணை மூடுவதற்கு முன்பு, வராத வலது கையை இடது கையால் தூக்கிச் சேர்த்துக்கொள்வார்கள்.

அண்ணாச்சிக்குத் தரவேண்டியதில் பாதியைத் தம்பி கொடுத்துவிட்டான், மீதியை அறுப்புக்குப் பிறகு தருவதாகச் சொல்லியிருக்கிறோம். அப்பாவுக்கு வாங்கின காற்று மெத்தையும் சக்கர நாற்காலியும் நல்ல நிலையில் இருக்கின்றன. இரண்டையும் துடைத்துச் சபை அறையில் வைத்திருக்கிறோம். நம் சேகரத்திலோ பக்கத்து ஊரிலோ யாருக்குத் தேவைப்பட்டாலும், எந்த மதத்தவராக இருந்தாலும், சபை ஊழியரிடம் கேட்டு எடுத்துக்கொள்ளுங்கள். வாடகை ஒன்றும் வேண்டாம். முதல் ராத்திரி எப்படிப் புரட்டிப் படுக்க வைப்பது என்று காட்ட நானும் வருகிறேன்.

கர்த்தருக்குள்,
அப்பாவின் மகள்